காத்திருப்போர் கவனத்திற்கு

மேசைமேல் கிடந்த பழைய வார இதழ்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பெண் அட்டையை உருவியதை ஆவுடைநாயகம் பார்த்துவிட்டார். பார்த்த கையோடு, பார்க்காதவர்போல அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றுகிறதா, சுற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறதா என்று தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேல் டாக்டர் பொற்செல்வியின் ஆஸ்பத்திரியில் எல்லாமே அப்படித்தான். சத்தத்தை அணைத்துவைத்த டிவியில் ஒருத்தி வாயசைத்துக்கொண்டே வெங்காயம் வதக்குவாள். சுவரோரத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு மீன்கள் ஒரு காரியமும் இல்லாமல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய்வரும். டெட்டால் வாசனையும் யாரோ பிரித்த எலுமிச்சஞ்சாதத்தின் வாசனையும் கலந்து கண்ணைச் சொருகும். அட்டையை எடுத்துவிட்டாள். இனி என்ன செய்வாள்? விசிறிக்கொள்வாள். போன தடவை ஒரு பெரியவர் அதன் மூலையை மடக்கிக் காது குடைந்தார். தென்காசியில் ஒருத்தி, பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று அதைக் கையில் கொடுத்தாள். பிள்ளை சப்பிச் சப்பி எழுத்தையெல்லாம் தின்றுவிட்டது. அதுவும் ஒருவகை வாசிப்புதானே என்று அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டார். இவள் விசிறவில்லை. திருப்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘காத்திருப்போர் கவனத்திற்கு’. அதற்குக் கீழே ‘உங்கள் முறை வரும்வரை வாசிக்க’. அதற்கும் கீழே, டீக்கடையில் காசு அனுப்ப ஒட்டிவைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கறுப்புக் கட்டம். கட்டத்துக்கு நேரே போனைக் காட்டினால் போதும், அவருடைய வலைப்பூ திறந்துகொள்ளும். காட்டுவாளா? ஆவுடைநாயகத்துக்கு உள்ளங்கை வேர்த்தது. மடியிலிருந்த மருந்துப் பையை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றிவைத்தார். பெண் பார்க்கப் போன அன்றைக்குக்கூட இப்படி வேர்த்ததில்லை.

அவர் மெடிக்கல் ரெப். ஐம்பதைத் தாண்டியும் ரெப்பாகவே இருக்கிறவர்கள் குறைவு. கூடச் சேர்ந்தவர்கள் மேனேஜராகி மதுரைக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். இவர் வயிற்றெரிச்சல் மாத்திரையையும் ரத்தசோகை டானிக்கையும் சுமந்துகொண்டு திருநெல்வேலியையே சுற்றிச் சுற்றி வந்தார். டாக்டரிடம் பேசுவது இரண்டு நிமிஷம். மற்றதெல்லாம் உட்கார்ந்திருப்பதுதான். அம்பாசமுத்திரம், ஆலங்குளம், சங்கரன்கோவில், தென்காசி என்று ஊர் ஊராகப் போவதாகத்தான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். ஆனால் கண்ணை மூடினால் அத்தனை ஊரும் போய், ஒரே ஒரு நாற்காலி வரிசைதான் தெரியும். தாமிரபரணி மாதிரி நீளமாக, வளைந்து வளைந்து போகிற வரிசை. அதில் ஒரு நாற்காலியில் அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வெளியே ஊர்தான் மாறிக்கொண்டிருக்கிறது, வெயில் மாறுகிறது, பக்கத்து நாற்காலியில் ஆள் மாறுகிறது. இருமுகிறவர், ஸ்கேன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டிருக்கிறவர், பயத்தில் சிடுசிடுக்கிற அம்மா, அந்த அம்மாவுக்கு பயமென்று தெரியாமல் கோபித்துக்கொள்கிற மகள். எத்தனை முகம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி பகவதியிடம் சொல்வார். அவளும் கேட்பாள். கேட்டுக்கொண்டே சாய்வாள், சாய்ந்தவாக்கில் மூச்சு சீராகும். சொல்ல ஆரம்பித்த முகம் பாதியிலேயே நின்றுபோகும், அவர் மட்டும் அதோடு உட்கார்ந்திருப்பார். அப்படி நின்றுபோன முகங்களைத்தான் ஒருநாள் போனில் ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். டோக்கன் கூப்பிடும்வரை எழுதுவது, கூப்பிட்டதும் நிறுத்துவது. எழுதி வைத்தது போனுக்குள் கிடந்தது. ஒரு நாள் அதுவும் கனக்கத் தொடங்கியது. அப்போதுதான் ரியாஸ் வந்தான்.

ரியாஸ் வேறு கம்பெனி ரெப், மேலப்பாளையத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் இவருடைய போனை வாங்கி இரண்டு மூன்றைப் படித்தவன், டீயை ஆறவிட்டுவிட்டான். “அண்ணாச்சி, இத ஏன் உள்ளேயே பூட்டி வச்சிருக்கிய?” என்றவன், அன்றைக்கே வலைப்பூவைத் திறந்து கொடுத்தான். பெயரை மட்டும் இவர் வைத்தார். அதற்குப் பிறகுதான் வினையே ஆரம்பித்தது. எழுதும்போது இல்லாத பசி, யாராவது படித்தார்களா என்று பார்க்கிறபோது வந்தது. குளிக்கப் போகும்முன் பார்ப்பார், குளித்துவிட்டு வந்து பார்ப்பார். வந்துபோனவர்கள் என்று ஓரத்தில் காட்டுகிற அந்த எண் கூடியிருந்தால் மனம் துள்ளும். அதில் பாதி தானே திறந்து பார்த்தது என்று நினைவு வந்ததும் சுருங்கும். “எழுதினா மட்டும் பத்தாது அண்ணாச்சி, ஆளைக் கூட்டணும். மாத்திரைய டாக்டர் மேசையில வச்சிட்டு சும்மா வந்திருவியளா? நாலு வார்த்தை பேசத்தான செய்யுதிய?” அவன் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தார். முகநூல் குழுக்களில் சேர்ந்தார். முன்பின் தெரியாதவர்களின் வலைப்பூவுக்குப் போய், அருமை, மனதைத் தொட்டது என்று எழுதி, அடியில் தன் முகவரியையும் போட்டுவிட்டு வந்தார். அழைக்காத கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இரண்டு நாள் கூசியது. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். போட்ட நொடியில் கட்டைவிரல் வந்தது, கும்பிடு வந்தது, கைதட்டல் வந்தது. படிக்கிற நேரம்கூட ஆகவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவன், நாயகம், வாயுக்கு நல்ல மாத்திரை எது என்று கேட்டிருந்தான். அதற்கு மட்டும் பதில் எழுதினார். “விடுங்க அண்ணாச்சி. நம்ம ஆளுக எங்க இருக்காங்க? கையில போனை வச்சிக்கிட்டு, என்ன செய்யன்னு தெரியாம, கிளினிக்ல உக்காந்திருக்காங்க. அங்க போய்ப் பிடிப்போம்.” அப்படி அடித்ததுதான் இந்த அட்டை. அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. இருமுகிறவருடைய கதையை இருமுகிறவரிடமே கொண்டுபோய் நீட்டுகிறோம் என்பது அச்சாபீஸிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கிவரும்போது கொஞ்சமும் உறைக்கவில்லை.

உறைத்தது பகவதிக்குத்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புளி கரைத்த கையோடு, “அவிய கிட்ட கேட்டியளா?” என்றாள். யாரிடம் என்றார். “எழுதுதியல்லா, அவிய கிட்டதான்.” பெயரையெல்லாம் போடவில்லை என்றார். ஊரைக்கூடப் போடவில்லை. அடையாளமே தெரியாது. “நம்ம தூங்கையில நம்மள யாராவது பாத்துக்கிட்டிருந்தா எப்படி இருக்கும்?” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் புளியை வடிகட்டப் போய்விட்டாள். அந்தக் கேள்வி மீன் முள் மாதிரி சிக்கிக்கொண்டது. விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை. சில நாள் மறந்திருப்பார், எங்கேயாவது அட்டையை வைக்கும்போது அந்த இடத்தில் ஒரு சுருக். காத்திருக்கிற மனுஷன் தூங்குகிற மனுஷன் மாதிரிதான். முகத்தைக் காவல் இல்லாமல் போட்டுவைத்திருக்கிறான். அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோமா? ஆனால் எடுத்து என்ன செய்தேன், பத்திரமாகத்தானே வைத்தேன் என்று ஒரு குரல். பத்திரமாக வைத்தவன் எதற்கு அட்டை அடிக்கிறான் என்று இன்னொரு குரல். இரண்டு குரலும் மின்விசிறியோடு சேர்ந்து சுற்றின. அவர் இமை பாதி மூடியது. எதிரே வெளிச்சம் மாறியதுபோல் இருந்தது. திறந்து பார்த்தார். அந்தப் பெண் போனைக் கையில் எடுத்து, அட்டைக்கு மேலே பிடித்து, கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி கிட்டே கொண்டுபோனாள். திரை வெள்ளையாகி அவள் மோவாயில் வெளிச்சம் விழுந்தது. கட்டைவிரல் நிதானமாக மேலே தள்ளியது. நின்றது. மறுபடி தள்ளியது.

படிக்கிறாள். இத்தனை நாளும் எண்ணாகத்தான் இருந்தார்கள். ஒரு ஆள், ரத்தமும் சதையுமாக, எதிர் வரிசையில் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, தான் எழுதியதைப் படிப்பதை அவர் பார்த்ததே இல்லை. அந்தக் கட்டைவிரல் நிற்கிற இடத்தில் எந்த வரி இருக்கும்? இவள் முகம் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை? படிக்கிறவர்கள் முகம் இப்படித்தான் இருக்குமா, கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கிறவர்கள் மாதிரி? அவருக்கு மிதப்பதுபோல் இருந்தது. நாற்காலி வரிசை மெல்ல நகர்ந்தது, ஆற்றோடு போனது, டிவியில் வதக்கிய வெங்காயம் பொன்னிறமானது. இந்த ஒருத்தி போதும், ரியாஸிடம் சொல்லிவிடலாம், இனி ஆள் கூட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் தலையை நிமிர்த்தி, மீன் தொட்டியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தாள். மறுபடி தொட்டி. அதையா படிக்கிறாள்? அதுதான் மேலே இருக்கிறது. பரவாயில்லாமல் நாலு பேர் படித்த பதிவு என்று ரியாஸ்தான் அதை எடுத்து முகப்பில் வைத்திருந்தான். இதே ஆஸ்பத்திரி. மூன்று வருஷமோ நாலு வருஷமோ முன்னால். பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர். மனைவி உள்ளே போய் வெகுநேரம் ஆகிறது. டாக்டர் கண்டிப்பாக நல்ல சேதி சொல்லப்போவதில்லை, அது நர்ஸுகள் கதவைத் திறந்து மூடிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுந்துபோய்த் தொட்டிக்கு முன்னால் நின்றார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பார்த்தார். சரியில்லை என்று அழித்தார். மறுபடி சிரித்துப் பார்த்தார். கதவு திறந்து மனைவி வெளியே வந்தபோது அந்தச் சிரிப்போடு திரும்பினார். அவ்வளவுதான் பதிவு. அன்றைக்கு அந்த மனைவியை ஆவுடைநாயகம் ஒரு கணம்தான் பார்த்தார், பையின் பிடியை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். இப்போது எதிரே இருக்கிறவள் முடி தோளுக்கு மேலேயே நிற்கிறது, அடர்த்தியாக, நரையும் கறுப்புமாக. உதிர்ந்து முளைத்த முடி. அவள்தான்.

சட்டைக்காரர் எங்கே? வண்டியை நிறுத்திவிட்டு வருவாராயிருக்கும். வந்ததும் இவள் காட்டுவாள். என் மூஞ்சியைத் திருட நீ யார் என்று சட்டையைப் பிடிப்பார். பிடிக்கட்டும், அதுகூடப் பெரிதில்லை. பெரிது வேறொன்று, அது இப்போதுதான், இவள் மூன்றாவது முறை தொட்டியைப் பார்க்கும்போதுதான், கரியநிறத்தில் அடியிலிருந்து எழுந்து வந்தது. அவர் சிரித்துப் பார்த்ததை நான் பார்த்தேனா? பார்த்தேன், எழுதியிருக்கிறேனே. எழுதியது ஆலங்குளம் பஸ்ஸில், ஜன்னலோரம், வெயில் கண்ணில் அடிக்க. சரியில்லை என்று அழித்தார் என்ற வரி எழுதும்போதுதான் வந்தது. வந்ததும் ஒரு சந்தோஷம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கண்ணால் பார்த்ததை எழுதும்போது அப்படிச் சந்தோஷம் வருமா? அவர் தொட்டியிடம் போனது நிச்சயம். முகத்தைக் கண்ணாடியிடம் கொண்டுபோனது நிச்சயம். திரும்பும்போது சிரிப்பு இருந்தது, அதுவும் நிச்சயம். நடுவில் இருக்கிற அந்த இரண்டு சிரிப்பும்? நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவருடைய முதுகுதானே தெரியும். கண்ணாடியில் முகம் தெரிந்திருக்கலாம். மீன்கூடத் தெரிந்திருக்கலாம். முதுகு எனக்குத் தெரியும். முகம் என்னுடையதா அவருடையதா? நாலு பேர் கண்கலங்கினோம் என்று எழுதிய பதிவு. அவர்கள் கலங்கியது எதற்கு?

அவள் எழுந்து வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கே இருக்கிற ஜோஸ்பின் அட்டையைப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல் மோவாயால் இவரைக் காட்டினாள். “அந்தா உக்காந்திருக்காவல்லா, ரெப்பு அண்ணாச்சி. அவியதான் கொண்டாந்து வச்சாவ.” ஆவுடைநாயகம் பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். மூடி நிமிர்ந்தபோது அவள் ஒரு நாற்காலி இடம் விட்டு அருகே உட்கார்ந்திருந்தாள். முடிந்தது. ஓடவும் முடியாது, டாக்டரைப் பார்க்காமல் போனால் மாதக் கணக்கு இடிக்கும் என்ற நினைப்பு அந்த நேரத்திலும் ஒரு ஓரத்தில் வந்துபோனது, அதற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

“இது நீங்க எழுதினதா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“இந்த ஆஸ்பத்திரிதான?”

“ஆமா. தப்புன்னா எடுத்திருதேன். இப்பமே எடுத்திருதேன்மா, ஒரு நிமிஷத்துல.” போனைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார். போன் கையிலேயே இருந்தது.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “பச்சைக் கட்டம் போட்ட சட்டைன்னு எழுதியிருக்கிய. அது நான் எடுத்துக் குடுத்தது. பொங்கலுக்கு.” திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், அவரிடம் இல்லை, திரைக்குள் இருக்கிற ஆளிடம் பேசுவதுபோல. “அன்னைக்குத்தான் டாக்டரம்மா எனக்கு மாருல கட்டின்னு சொன்னாவ. கேட்டதும் காது அடைச்சுப் போச்சு. எப்படி எந்திரிச்சேன், எப்படிக் கதவத் திறந்தேன்னு தெரியல. வெளிய வாரேன், இவிய பல்லக் காட்டிக்கிட்டு நிக்காவ. எனக்கு எப்படி இருக்கும்னு சொல்லுங்க.”

ஆவுடைநாயகம் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“கேக்கல. ஏன் சிரிச்சியன்னு ஒரு நாளும் கேக்கல. ஆனா வச்சிருந்தேன். மருந்து ஏத்துறதுக்குக் கூட்டிட்டுப் போவாவ, வாந்தி எடுத்தா பிடிப்பாவ, எல்லாம் செஞ்சாவ. செய்யச் செய்ய எனக்கு அந்தச் சிரிப்புதான் கண்ணுல வரும். ஒருக்க வாய்விட்டே சொல்லிட்டேன், ஒங்களுக்கென்ன, நான் போனா நிம்மதின்னு. அதுக்கும் ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சு வெளிய போயிட்டாவ.” பையின் பிடியை மணிக்கட்டில் சுற்றினாள், பிரித்தாள். “எனக்குக் கொணமாயிட்டு. வருசத்துக்கு ஒருக்க காட்ட வாரேன். ஒரு நோவுமில்லாத மனுஷன், போன ஐப்பசியில படுத்தவிய எந்திரிக்கல.”

வெளியே ஒரு ஆட்டோ நின்று, கிளம்பிப் போனது. வண்டியை நிறுத்திவிட்டு யாரும் வரப்போவதில்லை. சட்டையைப் பிடிக்க ஆளில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். “நெசமாவே பாத்தியளா? இல்ல, கதைக்காக எழுதினதா?”

பாத்தேன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இவள் இத்தனை வருஷமாகச் சுமந்ததை இங்கேயே, இந்த நாற்காலியிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுவாள். யாருக்கு நஷ்டம்? அந்த மனுஷன் இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லுவார். ஆனால் இவள் கேட்பது என்னுடைய வரியை இல்லை, அவருடைய முகத்தை. இல்லாத ஒரு முகத்தைச் செய்து கையில் கொடுத்தால் இவள் அதோடுதான் மிச்ச நாளும் இருப்பாள், ராத்திரி எடுத்து எடுத்துப் பார்ப்பாள், பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். மாத்திரை விஷயத்தில் ஒரு மில்லிகிராம் கூட்டிச் சொன்னதில்லையே நான். ஆவுடைநாயகம் தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் அசைந்தது. மீன் ஒன்று கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்தது, மூடியது. அதற்கு அந்தப்புறம், நீரின் கலங்கலில், பச்சைச் சட்டை முதுகு. கொஞ்சம் கூனல். வா, திரும்பு என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. இடது கை தொட்டியின் மேல்மூடியைப் பிடித்திருக்கிறது. வலது கை. வலது கை எங்கே? வலது கை மேலே போகிறது. முகத்துக்கு. சாப்பிட்டு முடித்தவர் மாதிரி. அப்போது கதவு திறக்கிறது. அவ்வளவுதான், அதற்கு மேல் எவ்வளவு கூப்பிட்டும் ஒன்றும் வரவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, உள்ளதச் சொல்லுதேன். தொட்டிகிட்டப் போய் நின்னாவ. கண்ணாடிக்குக் கிட்ட மூஞ்சியக் கொண்டுபோனாவ. இதெல்லாம் பாத்தேன். ரெண்டு மட்டம் சிரிச்சுப் பாத்தாவன்னு எழுதினது… அது நான் பாத்தனா, எனக்குத் தோணிச்சான்னு இப்பம் தெரியல. அவிய முதுகுதான் எனக்குத் தெரிஞ்சது.”

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். முகம் மூடிக்கொண்டது. போனின் திரை தானாக அணைந்தது. போச்சு என்று நினைத்தார். உள்ளது கிடக்கட்டும், ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், படுபாவி. ஏதாவது கொடுக்கவேண்டும்போல் தவித்து, ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்தே மிச்சத்தையும் சொன்னார்.

“கதவு திறக்கதுக்கு முன்ன வாயத் தொடச்சாவ. அது நல்லா ஞாபகம் இருக்கு. இந்தா, இப்படி, பொறங்கையால. அது எதுக்குன்னு எழுதாம விட்டுட்டேன்.”

பையின் பிடியில் அவள் கை அப்படியே நின்றது.

“பொறங்கையாலயா?”

“ஆமா.”

“இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு இழுப்பா?”

“ஆமாம்மா. ஒரே இழுப்பு.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஜோஸ்பின் எழுந்து பார்த்தாள். அழுகிறாள் என்றுதான் ஆவுடைநாயகமும் பயந்தார். பொத்திய கைக்குள்ளிருந்து வந்தது சிரிப்பு, பிறகு இரண்டும். “அவியளுக்குப் பொய் சொல்ல வராது,” என்றாள், மூச்சு வாங்கியபடி. “கல்யாணமான புதுசுல இருந்து பாக்கேன். பொய் சொல்லணும்னா முதல்ல வாயத் தொடச்சிக்கிடுவாவ. சம்பளம் பூரா வந்திட்டும்பாவ, வாயத் தொடச்சிக்கிட்டு. குழம்பு நல்லாருக்கும்பாவ, வாயத் தொடச்சிக்கிட்டு. நானும் எம் மவளும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அன்னைக்குத் தொடச்சாவளா? எனக்குக் காட்டுறதுக்கு முன்னால தொடச்சாவளா?”

“தொடச்சாவ,” என்றார். அந்த வார்த்தையில் சந்தேகம் இல்லை.

டிவியில் சமையல் முடிந்து ஏதோ விளம்பரம் ஓடியது. மத்தியானம் தன் கனத்தையெல்லாம் ஜன்னலில் சாய்த்துவைத்திருந்தது. “வள்ளிமயில்,” என்று ஜோஸ்பின் கூப்பிட்டாள். அந்தப் பெண் எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். போகிறபோது நின்று, “அதையும் எழுதுங்க அண்ணாச்சி. நான் உள்ள போயிட்டு வாரதுக்குள்ள எழுதிப் போடுங்க. எம் மவளுக்கு அனுப்பணும்,” என்றாள். கேட்கிற மாதிரி இல்லை, கடையில் அரிசி அளந்து போடச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஆவுடைநாயகம் பதிவைத் திறந்தார். சரியில்லை என்று அழித்தார் என்ற வரி அழகாக நின்றிருந்தது. எத்தனை பேர் பாராட்டிய வரி. கட்டைவிரலை அதன்மேல் வைத்தார், எடுத்தார். முகப்பில் இருக்கிற பதிவு, ரியாஸ் கேட்டால் கத்துவான். மறுபடி வைத்தார். எழுத்துகள் வலமிருந்து இடமாக ஒவ்வொன்றாக ஓடி மறைந்தன, முன்னும் பின்னும் இருந்த இரண்டு சிரிப்போடு. அந்த இடம் வெறுமையாக, அதில் கோடு ஒன்று மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எப்படி எழுதுவது? புறங்கையால் என்று தொடங்கினார். உதட்டை என்று போடலாமா, வாயை என்றா? வாயை. ஒரே இழுப்பில். அலங்காரமாக ஒன்றும் வரவில்லை, வரவேண்டும் என்றும் தோன்றவில்லை. ‘கதவு திறப்பதற்கு முன்னால் வலது புறங்கையால் வாயை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டார்.’ நாலு பேருக்கு இது ஒன்றுமே சொல்லாத வரி. படித்துவிட்டு, சரி, அதற்கென்ன என்பார்கள். அவர் அதை ஒருமுறை, வாய்க்குள், உதடு அசையப் படித்துப் பார்த்துவிட்டு வெளியிட்டார்.

“ரெப்பெல்லாம் உள்ள போங்க,” என்று ஜோஸ்பின் சொன்னபோது வள்ளிமயில் வெளியே வந்துகொண்டிருந்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், நடையில் தெரிந்தது. போனைத் திறந்து நின்றபடியே படித்தாள். அந்த வரி வந்ததும் கட்டைவிரல் நின்றது. “எப்படி அனுப்ப?” என்றாள். எந்தக் குறியை அழுத்த வேண்டும் என்று அவர் காட்டினார். மகள் பெயரைத் தேடித் தொட்டாள். போய்விட்டது. வேறொன்றும் சொல்லாமல், தலையை மட்டும் அசைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வாசலில் காத்திருந்த மற்ற ரெப்புகள் கழுத்து டைகளைச் சரிசெய்துகொண்டு டாக்டரின் அறைப்பக்கம் போனார்கள். ஆவுடைநாயகமும் பையைத் தூக்கினார். தூக்கியவர், அவள் படியிறங்கும் முன்பே அவளுடைய போன் அடிப்பதைக் கேட்டு நின்றார். அவள் எடுத்துக் காதில் வைத்தாள். நடக்கவில்லை. வெயிலைப் பார்த்தபடி அப்படியே படியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தப் பக்கம்தான் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. பிறகு, கதவு முழுக்கச் சாத்தாமல் இருந்த இடைவெளியில், அவள் குரல் கேட்டது.

“ஆமாட்டி,” என்றாள். “ஒங்க அப்பாதான்.”